கூப்பிட்ட குரலுக்கு அஞ்சுகம்

அஞ்சுகத்துக்கு நகராட்சி வேலை கிடைத்தது அவள் புருஷன் செத்ததால்தான். ஐப்பசி மழையில் சாக்கடை அடைப்பு எடுக்க இறங்கியவனின் காலில் துருப்பிடித்த ஆணி ஏறிவிட்டது. பழந்துணியைச் சுற்றிக்கொண்டு மறுநாளும் இறங்கினான். பிறகு தாடை பூட்டிக்கொண்டது. உடம்பு வில்லாக வளைந்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து செத்தான். காரியம் முடிந்த கையோடு மேஸ்திரி குஞ்சிதபாதம் குடிசைக்கு வந்தார். உள்ளே வரவில்லை, வாசலில் நின்றபடியே பேசினார்.

"ஒம் புருஷன் எடத்துல ஒன்னையப் போட்டிருக்கு. காலையில வந்து வண்டிய எடுத்துக்க. அழுதுகிட்டு ஒக்காந்திருந்தா வேற ஆளு வந்துரும், பாத்துக்க."

அது எழுபதாம் வருஷம். அஞ்சுகத்துக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. மலர்க்கொடி என்று ஒரே மகள், அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தாள். அஞ்சுகம் அவளை அண்டை வீட்டில் விட்டுவிட்டு மறுநாளே வண்டியைப் பிடித்தாள்.

அவள் கூட்ட வேண்டியது கொடிமரத் தெருவும் அதன் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்த சுண்ணாம்புக்காரச் சந்தும். தெரு அகலமானது. மாடி வீடுகள், உயரமான கதவுகள். முன்பு பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர். பாதி வீடுகளில் யாராவது ஒருவர் பிரான்சு சர்க்காரின் பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்தார். மீதி வீடுகளில் நெல்லும் உத்தியோகமும் இருந்தன. சந்து ஒடுங்கியது. மீன் விற்கிறவர்கள், தையல்காரர்கள், படகு வேலைக்குப் போகிறவர்கள் என்று கீற்று வீடுகளில் நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள்.

தெருவுக்கு அவளிடம் என்ன வேண்டும் என்பதை யாரும் உட்காரவைத்துச் சொல்லவில்லை. அவளே கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டாள். வீட்டுக்காரர்கள் வாசல் தெளிக்க வருவதற்குள் கூட்டி முடித்திருக்க வேண்டும். வண்டிச் சக்கரம் கிறீச்சிடக் கூடாது. அதற்கு எண்ணெய் அவள்தான் போட்டுக்கொள்ள வேண்டும். குளித்துவிட்டுக் கோயிலுக்கோ பூசைக்கோ போகிறவர்கள் எதிரே வந்தால் சுவரோரம் ஒதுங்க வேண்டும். கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்கிக்கொண்டதோடும் விடமாட்டார்கள். முந்தாநாள் குழம்பை அலுமினியச் சட்டியில் ஊற்றிக் கொடுத்துவிட்டு மறுநாள் ஜன்னல் வழியாக, "கொழம்பு எப்புடி இருந்துச்சு அஞ்சுகம்?" என்று கேட்பார்கள். அவள் அதை வாய்க்காலில் கொட்டியிருப்பாள். "ரொம்ப நல்லா இருந்துச்சும்மா" என்று சொல்வாள்.

வேறு மாதிரி பேசினால் என்ன ஆகும் என்பதை அவள் முதல் வருஷத்திலேயே பார்த்தாயிற்று. அப்போது தெருவின் மேற்குப் பாதியைத் தங்கையன் என்பவன் கூட்டிக்கொண்டிருந்தான். அங்கே சண்முகசுந்தரம் வீடு. அவருக்கு சர்க்கார் ஆபீசில் நல்ல உத்தியோகம். தெருவில் எந்தக் காரியமானாலும் அவரைக் கேட்டுத்தான் நடக்கும். அவர் கொல்லைப்புறச் சுவரை இடித்துப் போட்டுவிட்டு, அந்தக் கல்லையும் மண்ணையும் அள்ளிக்கொண்டு போகச் சொன்னார். "இது குப்பை இல்லீங்க அய்யா, கட்டடம் இடிச்சது. ஒரு மாட்டு வண்டி வச்சு அள்ளிக்கங்க" என்றான் தங்கையன். பணிவாகத்தான் சொன்னான். அன்று சாயந்தரமே புகார் போயிற்று. வேலை நேரத்தில் சாராயம் குடித்துவிட்டு வந்து மரியாதை இல்லாமல் பேசினான் என்று. தங்கையன் குடிக்கிறவன்தான், சாயந்தரங்களில். அன்று காலையில் அவன் டீகூடக் குடித்திருக்கவில்லை. யாரும் வாயை மோந்து பார்க்கவுமில்லை, கேட்கவுமில்லை. சஸ்பெண்டு பண்ணினார்கள். திரும்பி வந்ததும் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலுக்கு மாற்றினார்கள். கொடிமரத் தெரு முழுவதும் அஞ்சுகத்தின் தலையில் விழுந்தது. இடித்த சுவரை அவள் கூடைகூடையாகத் தலையில் சுமந்து ஆற்றங்கரைப் பள்ளத்தில் கொட்டினாள்.

வழியில் தங்கையன் பார்த்தான். "நீ அள்ளலன்னா ஒனக்கும் இதே கதிதான்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

அன்றிலிருந்து அஞ்சுகம் எதற்கும் மாட்டேன் என்றதில்லை. மாடியில் செத்துக் கிடக்கும் பூனை, வெட்டிச் சாய்த்த முருங்கை, அடைத்துக்கொண்ட கொல்லைச் சாக்கடை, பிரசவ வீட்டுத் துணி என்று தெருவில் எதுவானாலும், "அஞ்சுகம், இதையும் கொஞ்சம் பாத்துட்டுப் போ" என்று ஒரு குரல் வரும். வண்டியை நிறுத்திவிட்டுப் பின்பக்கமாகப் போவாள். வீட்டின் முன்கதவு எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெருவிலிருந்து பார்த்துத்தான் தெரியும். சண்முகசுந்தரம் தன் வீட்டுக்கு வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்வார்: "எங்க தெரு குப்பைக்காரி மாதிரி இந்த ஊர்ல ஆளு கெடையாது. கூப்புட்ட குரலுக்கு ஓடி வருவா."

மதாம் என்று தெருவே கூப்பிடும் மத்லேன் அம்மாள் அவளிடம் பிரியமாக இருந்தாள். புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து செத்தவர். பிள்ளை ழாக் பிரான்சில் இருந்தான். தனியாக இருந்த அந்த அம்மாள் மலர்க்கொடிக்குப் பழைய கவுன்களைப் பிரித்துத் தைத்துக் கொடுப்பாள். வாரம் ஒருமுறை அஞ்சுகம் அந்த வீட்டுக் கக்கூஸையும் கிணற்றடியையும் கழுவிவிட்டு வருவாள். இரண்டு பேருக்குமே அது தவறான காரியம் என்று தோன்றியதில்லை.

எழுபத்தேழில் புயல் அடித்தபோது அஞ்சுகத்தின் குடிசைக் கூரை பறந்துபோய் அரசலாற்றில் விழுந்தது. மகளைப் பள்ளிக்கூடத்துக் கூடத்தில் உட்காரவைத்துவிட்டுத் தெருவுக்கு வந்தாள். விழுந்த மரங்களையும் ஊதிப்போன கன்றுக்குட்டிகளையும் பார்த்துக்கொண்டு வீட்டுக்காரர்கள் மாடியில் நின்றார்கள். "இவ்வளவு நேரங்கழிச்சா வர்றது?" என்றார் ஒருவர். அவள் கயிறு கட்டிக் கன்றுக்குட்டியை இழுத்தாள்.

இதில் எல்லாம் அடிபட்டது சந்து. தெருவில் பத்துக் குரல்கள் கூப்பிட்டால் சந்துக்குப் போக நேரம் இருக்காது. அங்கே குப்பை இரண்டு நாள், மூன்று நாள் கிடக்கும். இடியாப்பம் விற்றுப் பிழைக்கும் ஆஸியா பீவி என்ற விதவைதான் துணிந்து கேட்பாள். "ஏன் அஞ்சுகம், எங்க சந்து ஒன் கணக்குல இருக்கா, இல்லியா?"

"நாளைக்கு வந்துர்றேன் பீவிம்மா."

"நாளைக்குன்னு நீ சொல்லி எத்தினி நாளாச்சு?"

சந்துக்காரர்கள் புகார் கொடுக்கமாட்டார்கள். கொடுத்தாலும் யாரும் காதில் போட்டுக்கொள்ளமாட்டார்கள். அது அஞ்சுகத்துக்குத் தெரியும். தெரிந்துதான் தள்ளிப்போட்டாள்.

எண்பத்திரண்டு வைகாசியில் சண்முகசுந்தரத்தின் மகளுக்குக் கல்யாணம். வீட்டோடு பந்தல் போட்டுச் செய்தார். முதல் நாளே மேஸ்திரி குஞ்சிதபாதம் அஞ்சுகத்தைக் கூப்பிட்டார்.

"நாளைக்குக் காலையில நேரா அய்யா வீட்டுக்குப் போயிடு. எலை விழ விழ அள்ளணும். பந்தி முடியிற வரைக்கும் அங்கயே நில்லு."

"சந்துல ரெண்டு நாளாக் கெடக்குங்களே மேஸ்திரி."

"சந்து எங்கயும் ஓடிறாது. பெரிய எடம், போ. நான் பாத்துக்கறேன்."

அவள் போனாள். சண்முகசுந்தரத்தின் மனைவி கொல்லைக் கதவைத் திறந்துவிட்டு, "இங்கயே இரு, முன்னாடி வந்துராதே" என்றாள். வண்டியைக் கொல்லைப்புறத்தில் நிறுத்தி, எச்சில் இலையை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். வெயில் ஏற ஏற இலை அழுகி வாடை வந்தது. அவளுக்கு ஒரு புடவையும் சாப்பாடும் உண்டு என்று சொல்லியிருந்தார்கள்.

அன்றைக்கென்று பார்த்து, புதுச்சேரியிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்த அதிகாரி ஊரைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினார். இளம் வயது, கெடுபிடியான ஆள் என்று பேர். சுண்ணாம்புக்காரச் சந்தின் முனையில் ஜீப் நின்றுவிட்டது. குப்பை மலையை நாய்கள் நடுவழிக்கு இழுத்துப் போட்டிருந்தன. அவர் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு இறங்கினார். ஆஸியா பீவி வாசலில் நின்றிருந்தாள்.

"யாரும்மா இங்க கூட்டுறது?"

"அஞ்சுகம்னு ஒரு பொம்பளை. பெரிய தெருவுல கலியாண வீட்டுல இருக்கா. அங்க போய்ப் பாருங்க."

அவள் பொய் சொல்லவில்லை. அதிகாரி கல்யாண வீட்டுக் கொல்லைப்புறத்துக்குப் போனார். நகராட்சி வண்டி கல்யாண இலையால் நிறைந்திருந்தது. பக்கத்தில் அஞ்சுகம் நின்றாள், அவள் தோளில் அப்போதுதான் கொடுத்த புதுப் புடவை மடிப்புக் கலையாமல் தொங்கியது.

மறுநாள் மெமோ வந்தது. வேலை நேரத்தில் தனியார் வேலை செய்தது, நகராட்சி வண்டியை அதற்குப் பயன்படுத்தியது, பொதுமக்களிடம் அன்பளிப்பு வாங்கியது, ஒப்படைத்த பகுதியைச் சுத்தம் செய்யாதது என்று இருந்தது. அஞ்சுகத்துக்குப் படிக்கத் தெரியாது. மலர்க்கொடி எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டினாள்.

அஞ்சுகம் நேரே மேஸ்திரியிடம் போனாள். "நீங்க சொல்லித்தானே போனேன், நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றாள். குஞ்சிதபாதம் அவள் முகத்தைப் பார்க்காமல் வெற்றிலையை மடித்தார்.

"நான் எங்க சொன்னேன்? கல்யாணம் நடக்குதுன்னு சொன்னேன். போன்னு சொன்னேனா? எனக்கும் புள்ளகுட்டி இருக்கு அஞ்சுகம்."

விசாரணையை நகராட்சிக் கட்டடத்தில் வைத்தார்கள். பழைய ஆட்கள் அதை இன்னும் பிரெஞ்சு வழக்கில் மேரி என்றுதான் சொல்வார்கள். சண்முகசுந்தரம் சலவை வேட்டியில் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கெட்ட மனிதர் என்று அவரைச் சொல்ல முடியாது. ஆனால் சர்க்கார் உத்தியோகத்தில் இருந்துகொண்டு நகராட்சி ஆளை வீட்டு வேலைக்குக் கூப்பிட்டார் என்று ஆகிவிட்டால் அவர் பேரும் கெடும். அதனால், "நான் கூப்பிடலை சார். கல்யாண வீடுன்னா இவங்க தானா வந்து நிப்பாங்க. வந்தவளை வெரட்டவா முடியும்? மனுஷத்தன்மையில ஒரு புடவை குடுத்தோம்" என்றார்.

அஞ்சுகம் சுவரோரம் நின்றிருந்தாள். அவர் சொல்லி முடிக்கும்வரை தலையைத் தூக்கவில்லை.

அவளுக்காகப் பேச வந்த ஒரே ஆள் மதாம் மத்லேன். யாரும் கூப்பிடாமல் தானே வந்தாள். கழுத்தில் சிலுவைச் சங்கிலியோடு விறைப்பாக நின்றுகொண்டு, அதிகாரியைப் பிரெஞ்சு மரியாதையில் கூப்பிட்டுச் சொன்னாள்.

"முசே, இவ மேல தப்பு இல்ல. அவங்கதான் கூப்புட்டாங்க. எனக்குத் தெரியும். இந்தத் தெருவுல எல்லா வீட்டுலயும் கூப்புடுவாங்க. எங்க வீட்டுலயும் இவதான் கக்கூஸ் கழுவுறா. பத்துப் பன்னெண்டு வருஷமா செய்யிறா. ஒரு நாள் மொகம் சுளிச்சதில்ல. துணி குடுப்பேன், அரிசி குடுப்பேன், வாங்கிக்குவா. ரொம்ப நல்ல பொம்பளை."

அதிகாரி பேனாவை எடுத்தார். "பன்னெண்டு வருஷமா, மதாம்?"

"ஆமா முசே. சத்தியமா."

அந்த அம்மாளுக்குத் தான் என்ன செய்துவிட்டோம் என்று வீடு வந்து சேரும்வரை தெரியாது. கல்யாணத்தன்று ஒருநாள் நடந்த தவறு என்று முடிந்திருக்க வேண்டியது, பழக்கமாகச் செய்துவந்த குற்றம் என்று ஆகிவிட்டது. அதிகாரிக்கு அதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை.

மாதக்கணக்கில் சஸ்பெண்டில் இருந்தாள். அந்த நாட்களில் கருக்களாச்சேரிக்குப் போய்க் கருவாடு காயவைக்கும் வேலை செய்தாள். ஒருநாள் மீன் மார்க்கெட்டுப் பக்கம் ஆஸியா பீவியைப் பார்த்தபோது அஞ்சுகம் ஒதுங்கிப் போகப் பார்த்தாள். பீவி விடவில்லை.

"நான் காட்டிக் குடுத்தேன்னு கோவமா?"

"அதெல்லாம் இல்ல பீவிம்மா."

"கோவம்னாலும் கேளு. என் பேரன் அந்த நாத்தத்துல காச்சல் வந்து கெடந்தான். பெரிய தெருவுல கூப்புட்டா ஓடுன. நாங்க கூப்புட்டா நாளைக்குன்னே. அவுங்க கொரலு மட்டும் ஒனக்குக் கேட்டுச்சு."

விசாரணையில் யார் என்ன சொன்னபோதும் கலங்காத அஞ்சுகம் அந்த இடத்தில் கருவாட்டுக் கூடையை இறக்கி வைத்துவிட்டு அழுதாள். அவர்கள் சுமத்தின குற்றங்களில் இது ஒன்றுதான் உண்மை என்று அவளுக்குப் பட்டது. இதை மட்டும்தான் விசாரணையில் யாரும் பெரிதாகப் பேசவில்லை. பீவி முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டுப் போனாள்.

இரக்கப்பட்டு வேலையைத் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னார்கள். சம்பளத்தில் வெட்டு. இனி ஒரு புகார் வந்தால் வேலை போய்விடும் என்று எச்சரிக்கை. அதே தெரு, அதே சந்து.

திரும்பி வந்த அஞ்சுகம் வேறு ஆளாக இருந்தாள். காலையில் முதலில் சந்துக்குப் போனாள். மூலைமுடுக்கு விடாமல் கூட்டினாள். பக்கத்து மாநிலத்திலிருந்து எல்லை தாண்டி வந்து குடித்துவிட்டுப் போகிறவர்கள் உடைத்துப் போட்ட புட்டிச் சில்லைக்கூடக் குனிந்து பொறுக்கினாள். பிறகுதான் தெருவுக்கு வந்தாள். தெருவையும் குறை சொல்ல முடியாதபடி கூட்டினாள். ஆனால் வீட்டுக்குள்ளிருந்து குரல் வந்தால் நிற்கமாட்டாள். யார் எதைக் கொடுத்தாலும் கை நீட்டமாட்டாள். மதாம் வீட்டுக்கும் போவதை நிறுத்திவிட்டாள். மதாம் ஜன்னலில் நின்று, "அஞ்சுகம், எம் மேல வருத்தமா?" என்று கேட்டாள். "வருத்தம் இல்லீங்க மதாம். பயமா இருக்கு" என்றாள் அவள்.

தெருவுக்கு இது பிடிக்கவில்லை. கொடுத்ததை வாங்க மறுக்கிறாள் என்பது எல்லாவற்றையும் விட உறுத்தியது. "பட்டும் புத்தி வரல, திமிரு ஏறியிருக்கு" என்று பேசிக்கொண்டார்கள்.

ஒரு கார்த்திகை மழையில் சண்முகசுந்தரம் வீட்டு செப்டிக் டேங்கு நிரம்பிக் கொல்லையில் வழிந்தது. அவர் வாசலுக்கே வந்து கூப்பிட்டார். பழைய விஷயமே நடக்காத மாதிரி கூப்பிட்டார்.

"அஞ்சுகம், பின்னாடி வந்து ஒரு பார்வை பாரு."

"அதுக்குத் தனி ஆளு இருக்காங்க அய்யா. ஆபீசுல எழுதிக் குடுத்தா வருவாங்க."

"எழுதிக் குடுத்து அவன் எப்ப வர்றது? பழசை மனசுல வச்சுக்கிட்டுப் பேசுறியா?"

"மனசுல ஒண்ணும் இல்லீங்க. எனக்கு அந்த வேலைக்கு உத்தரவு இல்ல."

அக்கம்பக்கத்தில் இரண்டு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தன் வாசலில், தன் தெருவில், குப்பைக்காரி உத்தரவைப் பற்றிப் பேசியது அவர் முகத்தைக் கறுக்கச் செய்தது. அந்த வாரமே தெரு வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்தார்கள். பொதுமக்களிடம் மரியாதைக் குறைவு, கடமையைச் செய்ய மறுப்பு. மதாம் மட்டும் கையெழுத்துப் போடவில்லை. கதவைத் திறக்கவுமில்லை.

பழைய அதிகாரி மாற்றலாகிப் போயிருந்தார். இப்போது இருந்தவர் வயதானவர், ஓய்வு பெறப்போகிறவர். மனுவை முழுக்கப் படித்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"நீ ஏதாவது சொல்லணுமா?"

அஞ்சுகம் முதல்முறையாக ஒரு அதிகாரியின் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"போன தடவை கூப்புட்ட எடத்துக்குப் போனேன்னு தண்டிச்சீங்க. இந்தத் தடவை போகலைன்னு கூப்புட்டிருக்கீங்க. நடுவுல நான் நிக்கிறதுக்கு ஒரு எடம் இருந்தாச் சொல்லுங்கய்யா. அங்க நின்னுக்கிறேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பக்கத்தில் நின்ற மேஸ்திரி குஞ்சிதபாதம், "வாயப் பாத்தீங்களா சார்" என்றார்.

வெளியே ஆஸியா பீவியும் சந்துப் பெண்கள் சிலரும் வேப்பமரத்தடியில் காத்திருந்தார்கள். சந்து எப்படி இருக்கிறது என்று சொல்ல வந்தவர்கள். பியூன் அவர்களை உள்ளே விடவில்லை. பேர் கொடுத்தவர்களைத்தான் கூப்பிடுவார்கள் என்றான். மத்தியானம் ஆனதும் இடியாப்பத்துக்கு மாவு இடிக்க நேரமாகிவிட்டதென்று பீவி எழுந்து போனாள்.

எண்பத்தாறில் அஞ்சுகத்தை வேலையிலிருந்து நீக்கினார்கள். வயதான அதிகாரி நல்ல மனிதர் என்றுதான் ஊரில் சொன்னார்கள். நல்ல மனிதர்தான். தெருவோடு சண்டை போட அவருக்கு நாள் இருக்கவில்லை.

மலர்க்கொடியை நெரவிப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தாள். அஞ்சுகம் மகள் வீட்டோடு போய் ஒண்டிக்கொண்டாள். நடவுக்குப் போன முதல் நாள் வரப்பில் சாப்பிட உட்கார்ந்தபோது மற்றப் பெண்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள். அடுத்த போகத்துக்குள் அந்த இடைவெளி குறைந்தது, முழுக்கப் போகவில்லை. அவள் அதைக் கண்டுகொள்ளாமல் நாற்றைப் பிடித்தாள்.

சில வருஷம் கழித்து, ஆனி மாதத்தில் மாங்கனித் திருவிழாவுக்கு மகளோடு ஊருக்கு வந்தாள். நடவுக் கூலியில் எடுத்த பச்சைப் புடவை, தலையில் கனகாம்பரம். வெயில் மண்டையைப் பிளந்தது. சாமி புறப்பாட்டுக்காகக் கூட்டம் நெரிந்தபோது அவள் ஒரு மோர்ப் பந்தலோரமாக ஒதுங்கினாள். பந்தலில் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சண்முகசுந்தரம் நின்று மோர் கொடுத்துக்கொண்டிருந்தார். ரிட்டையர் ஆகிவிட்டார், தலை வெளுத்திருந்தது.

அவர் அவளைப் பார்த்தார். நேராக முகத்தைப் பார்த்தார்.

"வாங்கம்மா, வெயில்ல நிக்காதீங்க. இப்புடி நெழலுக்கு வாங்க. மோர் குடிச்சுட்டுப் போங்க."

தம்ளரை அவள் கையில் கொடுத்தார். அஞ்சுகம் வாங்கிக் குடித்தாள்.

"இன்னொரு தம்ளர் வேணுங்களா?"

"போதுங்க."

அவர் அடுத்த ஆளிடம் திரும்பிவிட்டார். மலர்க்கொடிக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கூட்டத்தை விட்டு வெளியே வந்ததும் அம்மாவின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அந்த ஆளுக்கு ஒன்னத் தெரியலம்மா! நான் போய்ச் சொல்லிட்டு வர்றேன், யாருன்னு."

"வேண்டாம்."

"ஏன் வேண்டாம்?"

"சொன்னா அந்தத் தம்ளரைத் தூக்கிப் போட்டுருவாரு. புதுத் தம்ளர்டி. இருக்கட்டும்." கொஞ்ச தூரம் நடந்த பிறகு அவளே மறுபடி சொன்னாள். "பதினஞ்சு வருஷம் அவரு வீட்டு வாசல்ல கூட்டியிருக்கேன். அவரு என் மொகத்தப் பாத்தது இன்னைக்குத்தான்."

வேண்டுதல் வைத்தவர்கள் மாடிகளிலிருந்து மாங்கனி இறைக்கத் தொடங்கினார்கள். கூட்டம் மேலே கை நீட்டிக்கொண்டு அலைமோதியது. மலர்க்கொடி ஒன்றுக்காகப் பாய்ந்தாள், கிடைக்கவில்லை. காலடியில் நசுங்கின பழமும் தோலும் கொட்டையுமாகத் தெரு முழுக்கச் சகதியாகிக்கொண்டிருந்தது. அஞ்சுகம் புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதில் மிதிக்காமல் ஓரமாக நடந்தாள். நெரவி பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. இரண்டு பேரும் நடந்தே போனார்கள்.